மழையும் நல்ல வானமும்

பிரெஞ்சுக்காரர்களின் அன்றாடப் பேச்சில் ஒரு தொடர் உண்டு. 'பார்லே த லா ப்ளுவி ஏ து போ தாம்' என்பார்கள். 'மழையைப் பற்றியும் நல்ல வானத்தைப் பற்றியும் பேசுவது' என்று அர்த்தம். சொல்ல விஷயம் இல்லாமல் ஒப்புக்கு நாலு வார்த்தை பேசி வைப்பதற்கு இப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதை அப்படியே தமிழாக்கிவிடலாம் என்று நினைக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் ஒருதரம் காரைக்காலுக்குப் போய் வர வேண்டும். நடுவில் ஆங்கிலேயர் கையில் இருந்த சில காலம் போக, 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சி நடந்த ஊர் அது. கச்சேரியில் பிரெஞ்சு புழங்கிற்று. வயலில் தமிழ்தான்.

சில தொடர்கள் சிரமமில்லாமல் கடல் தாண்டிவிடும். கனமழையை அவர்கள் 'கயிறு கயிறாகப் பெய்கிறது' என்பார்கள். தூரத்து மழையைப் பார்த்து நாம் 'மழைக்கால் இறங்குகிறது' என்கிறோம். கயிறென்றாலும் காலென்றாலும் கண்ட காட்சி ஒன்றே. கடுங்குளிரை அவர்கள் 'வாத்துக் குளிர்' என்பார்கள். நீர்க்கரையில் அசையாமல் காத்திருக்கும் வாத்து வேட்டைக்காரனின் குளிர் என்று விளக்கம் சொல்லுகிறார்கள். நம் பக்கத்தில் வாத்து என்றால் அறுவடையான வயலில் மேயும் கூட்டம்தான். இந்தத் தொடரைப் படித்தால் வாசகர் சிரிப்பார். வேற்று நாட்டுப் பேச்சு என்று புரிந்துகொள்வார். நஷ்டமில்லை.

முதலில் சொன்ன தொடர்தான் அபாயமானது. பார்வைக்குச் சாதுவாக இருக்கிறது. ஆனால் மழை ஒரு பக்கம், நல்ல வானம் மறு பக்கம் என்று பிரித்து வைத்துவிடுகிறதே! காரைக்கால் காவிரியின் கடைமடை. 2007-ல் காவிரி நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு ஒதுக்கியது 7 டி.எம்.சி. தண்ணீர். மேட்டூரைத் திறந்தாலும் கடைமடைக்கு அது வந்து சேர்வது கடைசியில்தான். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் சம்பா நிற்கிறது. அது வராத வருஷத்தில் குடியானவர் 'மழை பொய்த்துவிட்டது' என்கிறார். வாக்குக் கொடுத்தவரல்லவா பொய்க்க முடியும்? அதே மழை அளவு மீறினால் பயிர் முழுகிப் போகும். அவருக்கு எது நல்ல வானம் என்பதை மாதத்தைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

பிரெஞ்சுக் குடியானவருக்கும் மழை விளையாட்டுக் காரியமல்ல. இந்தத் தொடரில் வரவேற்பறையின் வாசனை அடிக்கிறது. நம் நாவலாசிரியர்கள் பலர் அந்த வரவேற்பறைச் சம்பாஷணையைத் தஞ்சாவூர்த் திண்ணைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பாத்திரங்களுக்குப் பேச ஒன்றும் இல்லையென்றால் மழையைப் பற்றிப் பேச வைத்துப் பக்கத்தை நிரப்புகிறார்கள்.

"கிழக்கே கறுத்திருக்கே, மாமா."

"இருக்கு. பார்ப்போம்."

இந்த இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். அந்தப் 'பார்ப்போ'மில் குத்தகை பாக்கி இருக்கிறது. தையில் வைத்திருக்கும் பெண்ணின் கல்யாணம் இருக்கிறது. இதைக் கேட்கும் காது இல்லாதவர் கிராமத்து நாவல் எழுதாமலிருப்பது நல்லது.

மொழிபெயர்ப்பாளருக்கு வழி சுலபம். 'ஒப்புக்கு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்' என்று எழுதிவிட்டுப் போகலாம். மழையை அதில் இழுக்க வேண்டாம்.