ஊரை எண்ணுவதா, தலையை எண்ணுவதா?

அமெரிக்க அரசியலை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வாஷிங்டனைத் தாண்டிப் போவதில்லை. ஆனால் அந்நாட்டுக் குடிமகனின் பள்ளிக்கூடம், சாலை, சிறை, மணமுறிவு, வாக்குரிமை என எதை எடுத்தாலும் அதன் விதியை எழுதியது மாநிலத் தலைநகரில் கூடிய சட்டமன்றம். அந்தச் சட்டமன்றங்களின் இருபதாம் நூற்றாண்டு நடுப்பகுதி வரலாற்றில் இரண்டு கேள்விகள் உண்டு. யார் உள்ளே உட்கார்ந்தார்கள்? எத்தனை நாள் உட்கார்ந்தார்கள்? முதலாவதை நீதிமன்ற வரலாறாகவும் இரண்டாவதை நிர்வாகச் சீர்திருத்தமாகவும் பிரித்துப் படிப்பது வழக்கம். என் கருத்தில் இரண்டும் ஒரே பூட்டின் இரு சாவிகள். உறுப்பினர் அமைப்பில் இருந்த அநீதி அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்ததற்குக் கூட்டத்தொடரின் குறுக்கமும் பெரிய காரணம்.

அமைப்பில் மூன்று மரபுகள் தெரிகின்றன. முதலாவது நியூ இங்கிலாந்தின் ஊர் மரபு. வெர்மான்ட் கீழவையில் 246 ஊர்களுக்கு 246 இருக்கைகள். முப்பதாயிரத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த பர்லிங்டன் நகரத்துக்கு ஒருவர். சில டஜன் பேரே வாழ்ந்த ஸ்ட்ராட்டனுக்கும் ஒருவர். இரண்டாவது கவுண்டி மரபு. கலிஃபோர்னியாவில் 1926இல் மக்களே வாக்களித்து ஏற்ற திட்டப்படி, மேலவையில் எந்தக் கவுண்டிக்கும் ஓர் உறுப்பினருக்கு மேல் கிடையாது. விளைவாக 1960இல் 60 லட்சம் பேர் வாழ்ந்த லாஸ் ஏஞ்சலஸுக்கு ஒரே உறுப்பினர். சியரா மலைக்கு அப்பால் மூன்று கவுண்டிகள் சேர்ந்த, மொத்தம் சுமார் 14,000 பேர் வாழ்ந்த தொகுதிக்கும் ஒருவர். மூன்றாவது, ஏட்டளவில் தலைக்கணக்கு மரபு. பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைப்படி தொகுதிகளைத் திருத்த வேண்டும் என்று அலபாமா, டென்னசி அரசியல் சட்டங்கள் கட்டளையிட்டன. 1901க்குப் பிறகு இரண்டுமே அறுபதாண்டுகள் திருத்தவில்லை. அலபாமாவின் புல்லக் கவுண்டியில் 13,462 பேருக்கு இரண்டு கீழவை உறுப்பினர்கள், மொபீல் கவுண்டியில் 3,14,301 பேருக்கு மூன்று. முதல் இரு மரபுகளாவது தாம் செய்ததை வெளிப்படையாகச் சொல்லிச் செய்தன. மூன்றாவது தன் சொந்தச் சட்டத்தையே மீறிக்கொண்டு சட்டம் இயற்றியது; மூன்றிலும் கீழானது இதுதான். விதிவிலக்குகளும் இருந்தன. செனட்டர் ஜார்ஜ் நாரிஸின் முயற்சியால் நெப்ராஸ்கா 1937 முதல் கட்சிப் பெயரில்லாத 43 பேர் கொண்ட ஒரே அவையை நடத்தியது. மின்னசோட்டாவிலும் 1913 முதல் அறுபதாண்டு காலம் கட்சிச் சின்னமின்றியே தேர்தல் நடந்தது.

கூட்டத்தொடர்களின் குறுக்கத்துக்கு வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருக்கிறது. இரயில் கம்பெனிகளுக்குச் சட்டமன்றங்கள் விலைபோனதைக் கண்டு வெறுத்த மக்கள், அவை கூடும் நாள்களையும் உறுப்பினர் ஊதியத்தையும் அரசியல் சட்டத்திலேயே கட்டிப்போட்டார்கள். 1940களின் தொடக்கத்தில் ஆண்டுதோறும் கூடியவை நியூயார்க், நியூ ஜெர்சி, ரோட் ஐலண்ட், தென் கரோலினா ஆகிய நான்கே. மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் இரண்டாண்டுக்கு ஒரு முறை. அலபாமாவில் அந்த ஒரு முறையும் 36 வேலை நாள்களோடு சரி. டெக்சஸ் தன் உறுப்பினருக்கு முதல் 120 நாள்களுக்குத் தினம் 10 டாலரும் அதற்கு மேல் 5 டாலரும் தந்தது, ‘வீட்டுக்குப் போ’ என்று நாசூக்காகச் சொல்வதுபோல. நியூ ஹாம்ப்ஷயரிலோ இரண்டாண்டுப் பதவிக்கு மொத்தம் 200 டாலர். பல தலைநகரங்களில் கடைசி நாள் நள்ளிரவுக்குச் சற்று முன் சுவர்க்கடிகாரத்தை நிறுத்திவிட்டு, விடியும்வரை மசோதாக்களை நிறைவேற்றுவது ஒரு மரபாகவே இருந்தது. சட்டப்படி அன்று இன்னும் விடியவில்லை!

இப்படி நாள்களை நறுக்கினால் அதிகாரம் எங்கே போய்ச் சேரும் என்பதே முக்கியம். ஆயிரக்கணக்கான மசோதாக்கள், சில வாரங்கள், உதவிக்கு ஊழியர்கள் இல்லை, பிழைப்புக்குச் சொந்தத் தொழில். இந்த நிலையில் புது உறுப்பினர் எதைப் படித்து முடிவெடுப்பார்? தேர்தலுக்குத் தேர்தல் போட்டியின்றி வென்று வரும் சிறு தொகுதி மூத்தவர்களே குழுத் தலைவர்களானார்கள். மசோதா எழுதித் தர வெளியே செல்வாக்குத் தரகர்கள் தயாராக இருந்தார்கள். கலிஃபோர்னியாவில் ஆர்ட்டி சாமிஷ் ஒரு நாளும் பதவி வகிக்காமலே சட்டமன்றத்தை ஆட்டிவைத்தார்; அது 1949இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையால் நாடறிந்தது; 1953இல் வரி ஏய்ப்பு வழக்கில் தண்டனை பெற்றார். ஊழலுக்கு மருந்தாகக் கொண்டுவந்த நேரக் கட்டுப்பாடு ஊழல்காரனுக்கே பிடிமானம் ஆயிற்று. நேரம் போதாதபோது எதுவும் செய்யாமல் இருப்பதே எளிது. தொகுதித் திருத்தமோ, யாருடைய இருக்கை பறிபோகுமோ அவரே கை தூக்கினால்தான் நடக்கும். அதனால்தான் அது ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் தானாகச் செத்தது.

குடிமகனே சட்டமன்ற உறுப்பினர் என்பது நல்ல மரபல்லவா, உழவனும் கடைக்காரனும் ஆறு வாரம் வந்துவிட்டு ஊர் திரும்புவது முழுநேர அரசியல்வாதியைவிட மேலல்லவா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் 200 டாலருக்கு வேலையை விட்டு வரக்கூடியவர் யார்? ஆலைத் தொழிலாளி வர முடியாது. வழக்கறிஞரும் காப்பீட்டு முகவரும் ஓய்வுபெற்றவரும் வரலாம். கூட்டாட்சி மேலவையில் பெரிய மாநிலத்துக்கும் சிறியதற்கும் சமமாக இரண்டு இடம் இருக்கும்போது கவுண்டிக்கு ஏன் கூடாது என்பது இன்னும் வலுவான வாதம். 1948இல் கலிஃபோர்னிய ஆளுநராக இருந்த ஏர்ல் வாரனே கவுண்டி முறையை ஆதரித்தார். 1964 ஜூனில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக, அலபாமா வழக்கான ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் தீர்ப்பில் அதே வாதத்தை நிராகரித்தார்: மாநிலங்கள் இறையாண்மையோடு வந்து ஒன்றியத்தில் சேர்ந்தவை, கவுண்டிகள் மாநிலமே நிர்வாக வசதிக்காக வகுத்த பிரிவுகள். ஒரு மனிதர் தன் பழைய கருத்தை மாற்றிக்கொண்டதற்கு அமெரிக்கச் சட்ட வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று குறைவு. ஆனால் ஓர் இடத்தில் நான் தயங்குகிறேன். கொலராடோவில் 1962இல் வாக்காளர்களே பெரும்பான்மையாக, எல்லாக் கவுண்டிகளிலும், மக்கள்தொகையை முழுதும் பின்பற்றாத மேலவையை ஏற்றார்கள். அதையும் நீதிமன்றம் அன்றே தள்ளியது. பெரும்பான்மை தன் உரிமையைத் தானே விட்டுக்கொடுக்க முடியாது என்ற தர்க்கம் சரியே. என்றாலும் அலபாமாவின் அறுபதாண்டு மீறலையும் கொலராடோ மக்களின் தேர்வையும் ஒரே தராசில் நிறுத்தியது கொஞ்சம் முரடான நீதி.

1962இல் டென்னசி வழக்கான பேக்கர் எதிர் கார் தொகுதிப் பிரச்சினைகளுக்கு நீதிமன்றக் கதவைத் திறந்ததும் விளைவுகள் வேகமாக வந்தன. அதே ஆண்டு ஜார்ஜியா மேலவைத் தொகுதிகள் மாற்றப்பட, 1907க்குப் பின் அச்சட்டமன்றத்துக்கு முதல் கறுப்பின உறுப்பினராக லிராய் ஜான்சன் தேர்வானார். இல்லினாயில் மறுவரையறை முட்டிக்கொண்டதால் 1964இல் கீழவையின் 177 பேரையும் மாநிலம் முழுவதும் சேர்ந்தே தேர்ந்தெடுத்தார்கள். வாக்குச்சீட்டைப் படுக்கை விரிப்பு என்று மக்கள் கேலி செய்தார்கள். வெர்மான்ட்டின் 246 பேர் 1965இல் தங்கள் அவையை 150ஆகச் சுருக்கத் தாங்களே வாக்களித்தார்கள். நகரங்கள் எதிர்பார்த்த அளவு லாபம் அடையவில்லை என்பது உண்மை. மக்கள் அதற்குள் புறநகர்களுக்குக் குடிபோயிருந்தார்கள். ஆனால் அது வீட்டுச் சந்தை செய்த வேலை, தீர்ப்பின் குறையல்ல.

மற்றச் சாவி அவ்வளவு எளிதில் திரும்பவில்லை. கலிஃபோர்னியா 1966இல் முழுநேரச் சட்டமன்றத்துக்கு மாறியது. பெரும்பாலான மாநிலங்கள் மெல்ல ஆண்டுக் கூட்டத்தொடருக்கு வந்தன. டெக்சஸ், மொன்டானா, நெவாடா, வடக்கு டகோட்டா மட்டும் இன்றும் இரண்டாண்டுக்கு ஒருமுறையே வழக்கமான கூட்டத்தொடர் நடத்துகின்றன. நியூ ஹாம்ப்ஷயர் உறுப்பினரின் ஊதியம் இப்போதும் அதே 200 டாலர்தான்.