அறுபதும் ஐந்நூறும்

யாழ்ப்பாணத்து வீட்டுக்குக் கரண்ட் பில் மாதாமாதம் வரும். மதுரையில் ஈபி ரீடிங் எடுக்க ஆள் வருவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பதில் இரு கரைத் தமிழ் வீடுகளுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி இந்த இடைவெளியால் வந்தது என்பேன். மற்றப் பாதி, பில்லில் ஒளிந்திருக்கும் இரண்டு எண்களால்.

இலங்கையில் அந்த எண் 60. மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் குறைந்த விலை. 61ஐத் தொட்டால் முதல் யூனிட்டிலிருந்தே கூடிய விலை; நிலையான கட்டணமும் சேர்ந்து ஏறும். ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஆகஸ்டில் கட்டணத்தை உயர்த்தியபோது, 60 யூனிட்டுக்கு 780 ரூபாய், 61 யூனிட்டுக்கு 1,336 ரூபாய் என்று வந்தது. ஒரு யூனிட்டுக்கு 556 ரூபாய்! அந்த ஆண்டு மார்ச் இறுதியில்தான் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. 2023 பெப்ரவரியில் கட்டணம் மறுபடியும் ஏறியது.

இத்தனைக்கும் பிறகு வீட்டுப் பழக்கங்கள் மாறாமல் இருக்குமா? ஒரு கிழமைக்கு வேண்டிய பள்ளிக்கூட உடுப்பையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக அழுத்தி வைக்கிறார்கள். 1000 வாட் அழுத்தி (இஸ்திரிப்பெட்டி) தொடர்ந்து சூடேறினால் மணிக்கு ஒரு யூனிட். தினமும் இரண்டு உடுப்புக்காக அதைப் புதிதாகச் சூடாக்குவது வீண்தான். தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் ஒருமுறைதான் ஓடும். கிணறு உள்ள வீட்டில் குளிப்பு கிணற்றடியில். “அறை லைற்றை நூத்துப்போட்டு வாங்கோ” (அணைத்துவிட்டு வாருங்கள்) என்ற குரலும் ஓயாது. இரவில் குளிர்சாதனப் பெட்டியை நிறுத்திவிடும் வீடுகளும் உண்டு. அதில் மிச்சமாவது சொற்பம். காலையில் போட்டதும் உள்ளே ஏறிய சூட்டையெல்லாம் அது மறுபடி வெளியேற்ற வேண்டும், பாலும் மீனும் கெடலாம். கைவிட வேண்டிய பழக்கம் அது.

தமிழ்நாட்டில் எண் 500, இரண்டு மாதத்துக்கு. அதற்கு முன்னால் 100 யூனிட் இலவசம். 2016 முதல் எல்லா வீட்டுக்கும் உண்டு. ஏழை வீட்டுக்கு அது பெரிய ஆறுதல் என்பதில் ஐயமில்லை. நடுத்தர வீட்டிலோ அது ஒரு மெத்தனத்தைக் கொடுத்திருக்கிறது. மீட்டர் எங்கே இருக்கிறது என்றே தெரியாத பிள்ளைகள் அந்த வீடுகளில் வளர்கிறார்கள். 2022 செப்டம்பர்க் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஆனால் 1,958. அந்த ஒரே யூனிட்டின் விலை 233 ரூபாய். அதற்குப் பிறகு விலைகள் மாறினாலும் 500 என்ற கோடு மாறவில்லை. ரீடிங் வந்த பிறகுதான் கோட்டைத் தாண்டியது தெரியும். அதற்குள் ஏப்ரல், மே இரண்டும் ஏசியோடு ஓடிப்போயிருக்கும்.

தமிழ்நாட்டார் சிக்கனம் அறியாதவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் தனித்தனி இணைப்பு வாங்கி, இரண்டுக்கும் இலவச யூனிட் பெறும் சாமர்த்தியம் அவர்களிடம் உண்டு. துணி தேய்க்கும் செலவு பலருக்கு ஈபி பில்லிலேயே வராது. தெருமுனைத் தள்ளுவண்டிக்குப் போய்விடும். எது மலிவு என்று யாரும் கூட்டிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

பொருள் வாங்கும்போது நட்சத்திரம் பார்ப்பதும் தமிழ்நாட்டில் நன்றாக வேரூன்றிய பழக்கம். இந்தியாவில் 2006இல் தொடங்கிய நட்சத்திரக் குறியீடு அதற்குக் காரணம். மின்விசிறியையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். நாளுக்கு 16 மணிநேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 72 யூனிட். பிஎல்டிசி மோட்டார் உள்ள 28 வாட் ஃபேனுக்கு 27 யூனிட் போதும். இலங்கைக் கணக்கில் பழைய ஃபேன் ஒன்று மட்டும் மாதம் 36 யூனிட். அறுபதில் பாதிக்கு மேல் அதுவே தின்றுவிடுகிறது. லைற்றை நூர்ப்பதில் காட்டும் அக்கறையில் கொஞ்சம் ஃபேன் பக்கமும் திரும்பினால், மிச்சம் பலமடங்காகும். பிஎல்டிசி ஃபேனின் விலை கொஞ்சம் கூட. அந்தப் பணத்தை முதலில் புரட்டுவதுதான் இலங்கையில் கஷ்டம்.

ஏசி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. வெப்பநிலையை ஒரு பாகை ஏற்றினால் செலவு ஏறத்தாழ 6 சதவீதம் குறையும் என்கிறது இந்திய எரிசக்தித் திறன் பணியகம். 20இல் வைத்துப் போர்வையைத் தேடுவதற்குப் பதிலாக 26இல் வைத்து மெதுவாக ஃபேனையும் ஓடவிடலாம்.

இரண்டில் எது மேல் என்று கேட்டால், இலங்கை வீடுகளின் எண்ணிப் பார்க்கும் பழக்கம்தான் என்பேன், அதை நெருக்கடி கற்றுக்கொடுத்தது என்றாலும். ரீடிங் எடுத்த நாளிலிருந்து வாரம் ஒருமுறை மீட்டரைப் பார்த்து எண்ணைக் காலண்டரில் குறித்து வாருங்கள். மாதத்துக்கு 30 நாள் என்று கொண்டால், யாழ்ப்பாணத்தில் வாரம் 14 யூனிட்டுக்குள், தமிழ்நாட்டில் 58க்குள் நின்றால் கோடு தாண்டாது.