பூஜ்யம் என்னும் பதில்

தோல்நோய் ஆய்வுகளில் 'வாழ்க்கைத்தரம்' என்று ஓர் எண் வருகிறது. 1994இல் கார்டிஃபில் ஃபின்லேயும் கானும் உருவாக்கிய டிஎல்க்யூஐ என்னும் பத்துக் கேள்விப் படிவம் தருகிற எண் அது. கடந்த ஒரு வாரத்தில் அரிப்பு, கூச்சம், கடைக்குப் போவது, உடுப்பது, விளையாட்டு, வேலை, உறவு, உடலுறவு இவற்றில் தோல் எவ்வளவு குறுக்கிட்டது? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 30. எண் கூடினால் வாழ்க்கை மோசம். வெண்புள்ளியை மறைக்கும் பூச்சுகளின் ஆய்வு வரை இது புழங்குகிறது. டாக்டரின் பார்வைக்கே உரியதாயிருந்த தோலைப் பற்றி அந்தத் தோலுக்குரியவரிடமே கேட்டது சின்ன விஷயமில்லை. ஃபூக்கோ பேரைச் சொல்லி இதைத் தள்ளிவிடுவது வெறும் சோம்பேறித்தனம்.

என் சண்டை ஒரு சின்னக் கட்டத்தோடுதான். எட்டுக் கேள்விகளில் 'சம்பந்தமில்லை' என்றொரு பதில் உண்டு. அதற்கும் 0. 'கொஞ்சமும் பாதிப்பில்லை' என்பதற்கும் 0.

இந்தப் படிவத்தைக் குமரி மாவட்டத்து அண்டியாபீஸில் அண்டி உடைக்கும் ஒரு பெண்ணிடம் கொடுப்போம். தோட்டுக்குள் இருக்கும் எண்ணெயில் அனகார்டிக் அமிலமும் கார்டாலும் உண்டு. பட்ட இடம் பொள்ளும், உரியும், கறுக்கும். சாம்பலோ ஆமணக்கெண்ணெயோ தடவிக்கொண்டு உடைக்கிறார்கள். அவளுக்கு விளையாட்டு? சம்பந்தமில்லை. பொழுதுபோக்கு? அதுவும். எரிச்சல்? "அதெல்லாம் பழகிப்போச்சு மக்கா." கூட்டிப் பார்த்தால் நோயில்லாத ஒருத்தியின் எண் வந்து நிற்கும். வேலைக் கேள்வி இன்னும் வேடிக்கை. தோல் வேலையைத் தடுத்ததா என்று கேட்கிறார்கள். வேலைதான் தோலைத் தின்றது என்று எழுத அங்கே கட்டம் கிடையாது. அவள் ஒருநாளும் லீவு போட்டிருக்க மாட்டாள், போட்டால் கூலி போச்சு. அதற்கும் 0.

உடுப்புக் கேள்வியை நம்ம ஊரில் வாசித்தால் வேறொரு பிரதி திறக்கிறது. 1859இல் திருவிதாங்கூர் அரசு, நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்று அறிவித்தது. உடலும் உடையும் சாதியின் கணக்கில் இருந்த மண்ணில் 'கடந்த ஒரு வாரம்' என்ற காலவரையறை எதை வெளியே தள்ளுகிறது என்பது கவனத்திற்குரியது.

உலக சுகாதார நிறுவனம் 1990களில் தன் வாழ்க்கைத்தர வினாநிரலை உருவாக்கிய 15 மையங்களில் சென்னையும் ஒன்று. உன் தோற்றத்தை உன்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறதா என்று அது கேட்கிறது. பெண்ணின் நிறத்தை ஏற்கவும் தள்ளவும் மாப்பிள்ளை வீட்டார் வருகிற ஊரில், இந்த 'உன்னால்' யாரைக் குறிக்கிறது? 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லிக்கு இதற்கு விடை தெரிந்திருந்தது. 2020இல் பேரை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

'சம்பந்தமில்லை'யின் கோளாறு ஆய்வாளர்களுக்கும் தெரியும். 2018இல் வந்த டிஎல்க்யூஐ-ஆர், அந்தக் கேள்விகளை விலக்கி, மிச்சப் பதில்களின் கூட்டலை அதற்கேற்ப உயர்த்துகிறது. நல்ல கணக்கு. ஆனால் மிச்சமெல்லாம் 'பழகிப்போச்சு' என்றால், பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம். எனக்கு வேண்டியது, 'சம்பந்தமில்லை' என்று டிக் அடித்தவளிடம் ஏன் சம்பந்தமில்லை என்று கேட்டு, அந்தப் பதிலை அவள் சொன்ன பேச்சிலேயே எழுதிவைக்க, ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் நாலு வரி வெற்றிடம்.