கரம்சந்த்: மறுவருகை பற்றிய ஒரு மதிப்பீடு

கரம்சந்த், 1985-ல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான இந்தித் துப்பறியும் தொடர். இயக்கியவர் பங்கஜ் பராஷர். துப்பறிவாளர் கரம்சந்தாகப் பங்கஜ் கபூரும், உதவியாளர் கிட்டியாகச் சுஷ்மிதா முகர்ஜியும் நடித்தனர். இருபது ஆண்டுகளுக்குப் பின், 2006-ல் சோனி தொலைக்காட்சியில் இத்தொடர் மீண்டும் வந்தது. பங்கஜ் கபூரே கரம்சந்தாக நடித்தார். கிட்டியாகச் சுசேதா கன்னா நடித்தார். 2007-ல் தொடர் முடிந்தது.

மூலத் தொடர்

தமிழ்நாட்டில் இந்தி அறியாத வீடுகளிலும் கரம்சந்தைப் பார்த்தார்கள். அன்று தூர்தர்ஷனை விட்டால் வேறு அலைவரிசை இல்லை என்பது ஒரு காரணம். வசனம் புரியாவிட்டாலும் ஆளைப் புரிந்தது என்பது இன்னொரு காரணம். கறுப்புக் கண்ணாடி, கடித்துக்கொண்டே இருக்கும் கேரட், கிட்டியை அதட்டும் தோரணை ஆகியவை போதுமானவையாக இருந்தன. சங்கர்லாலின் தேநீரை அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல.

ஆனால் இவை வெறும் அலங்காரங்கள் அல்ல. கரம்சந்த் கேரட்டைக் கடிக்கும்போது அவர் யோசிக்கிறார் என்று பார்வையாளர் அறிந்தார். பார்வையாளர் கேட்க நினைத்ததைக் கிட்டி வெகுளியாகக் கேட்டார். கதை நகர்ந்தது அந்த இருவரின் உறவில்தான்.

மறுவருகை

2006-க்குள் சூழல் மாறிவிட்டது. அதே சோனியில் 1998 முதல் ஓடிய ‘சி.ஐ.டி.’ தொடர், தடயவியல் ஆய்வுக்கூடத்தையும் குழுவாகத் துப்பறிவதையும் பழக்கப்படுத்தியிருந்தது. கைபேசிக் காலத்தில் தனியார் துப்பறிவாளர் ஒருவருக்கு என்ன வேலை என்ற கேள்விக்குப் புதிய தொடர் விடை தேடியிருக்க வேண்டும். அது பழைய அடையாளங்களையே பெரிதும் நம்பியது. சுசேதா கன்னாவின் நடிப்பை இதற்குக் குறை சொல்வதற்கில்லை. வேறொருவர் உருவாக்கிய உறவுக்குள் அவர் நுழைய வேண்டியிருந்தது.

ஒப்பீடு

அமெரிக்கத் தொடர் ‘கொலம்போ’ 1978-ல் நின்று, 1989-ல் அதே பீட்டர் ஃபாக்குடன் திரும்பி, 2003 வரை நீடித்தது. கொலையாளி யாரென்று பார்வையாளருக்குத் தொடக்கத்திலேயே தெரியும். அவரைக் கொலம்போ எப்படி மடக்குகிறார் என்பதே சுவை. அந்தக் கட்டமைப்புக்கு வயதாகவில்லை. பாசு சட்டர்ஜியின் ‘பியோம்கேஷ் பக்‌ஷி’ (1993) 2020 ஊரடங்கின்போது மாற்றமின்றி மறுஒளிபரப்பானது. பழைய கல்கத்தாவில் நடக்கும் கதை என்பதால் அதைப் புதுப்பிக்கும் தேவை எழவில்லை.

மதிப்பீடு

ஒரு தொடரை அப்படியே மறுபடி காட்டலாம்; அல்லது இன்றைய காலத்துக்கு அதன் உள்ளியக்கத்தைப் புதிதாக எழுதலாம். புதிய கரம்சந்த் இரண்டுக்கும் நடுவே நின்றது. பங்கஜ் கபூரின் நடிப்புத் திறன் குறையவில்லை. அதற்கேற்ற எழுத்து அமையவில்லை. பழைய பார்வையாளரின் நினைவு ஒரு தொடரின் முதல் வாரத்துக்கு உதவும். அடுத்த வாரங்களுக்குக் கதைதான் வேண்டும்.