ஆயக்கட்டின் எல்லையும் கிணற்றின் ஊற்றும்: பொதுவளப் பொருளியல் குறித்த ஒரு திறனாய்வு

வளரும் நாடுகளின் இயற்கைவள மேலாண்மை ஆய்வுகளில் எலினோர் ஆஸ்ட்ரமின் 1990ஆம் ஆண்டு நூல் ஏறத்தாழ இலக்கணமாகிவிட்டது. பொதுவளம் அழிந்தே தீரும் என்னும் காரெட் ஹார்டினின் 1968ஆம் ஆண்டு வாதத்தை மறுத்து, பயனாளிகளே விதி வகுத்து வளத்தைக் காக்க இயலும் என அது நிறுவியது. தமிழகக் கண்மாய்களை ஆராய்வோர் அந்நூலின் எட்டு நெறிகளைச் சரிபார்ப்புப் பட்டியலாகக் கொள்ளும்போதே சிக்கல் எழுகிறது.

முதல் நெறி, வளத்திற்கும் பயனாளிக்கும் தெளிவான எல்லை வேண்டும் என்பது. கண்மாய்க்கு அவ்வெல்லை ஆயக்கட்டு. ஆனால் தேங்கிய நீரின் ஒரு பகுதி கசிந்து கிணறுகளில் ஊறுகிறது. கண்மாயில் நிற்கும்வரை அது பொதுநீர். நிலத்தடிக்குச் சென்றபின், 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின்படி, நிலவுடைமையாளர் தம் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமைக்குட்பட்டது. வேளாண் மின்சாரத்திற்குக் கட்டணமில்லை. ஆதலின் மோட்டார் கூடுதலாக ஓடும் ஒவ்வொரு மணிநேரத்திற்கும் மின்செலவில்லை. கிணறு வெட்டவும் ஆழப்படுத்தவும் முதல் வேண்டும். முதலுடையவருக்கு மடைநீரின் தேவை குறையக் குறைய மராமத்துக்கு வரும் காரணமும் குறைகிறது. கண்மாய் தரும் ஊற்று மட்டும் அவருக்குத் தொடர்கிறது. பராமரிப்புச் சுமை கிணறற்ற சிறு உழவர்மேல் இறங்குகிறது. ஆயக்கட்டுக்குள் மட்டும் கணக்கெடுக்கும் ஆய்வுகள் இதனைக் கூட்டுணர்வின் சரிவு என்கின்றன. உணர்வைக் குறைகூறுமுன் வரவுசெலவைப் பார்த்திருக்கலாம்.

அக்கூட்டுணர்வும் எத்தகையது? பழைய நீர் ஒழுங்கைத் தாங்கியவை அதிகாரமும் சாதியும் சடங்கு மரியாதையுமே எனத் தென்தமிழகக் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மோஸ் 2003ஆம் ஆண்டு நூலில் காட்டினார். நீர்பாய்ச்சிகள் பெரும்பாலும் தலித்துகள். கூலி, களத்தில் அளக்கப்படும் நெல். செலவும் பயனும் பொருந்த வேண்டும் என்னும் ஆஸ்ட்ரமின் நெறி, விதி வகுப்பதில் குரலற்ற இவ்வுழைப்பை எவ்வாறு மதிப்பிடும்? மரபின் தன்னார்வத்தைப் போற்றுவோர், குடிமராமத்துக்கு 1858ஆம் ஆண்டிலேயே கட்டாய உழைப்புச் சட்டம் தேவைப்பட்டதை நினைவிற்கொள்வதில்லை.

2017இல் தொடங்கிய குடிமராமத்துத் திட்டமும் பணிச்செலவில் ஒரு பங்கை ஆயக்கட்டு உழவரிடமே கோரியது. கண்மாய் ஊற்றால் பயன்பெறும் கிணறுகளையும் அவற்றின் மோட்டார்த் திறனையும் ஆயக்கட்டுப் பதிவேட்டோடு சேர்த்துக் கணக்கிடாதவரை அப்பங்கு நியாயமாக நிர்ணயிக்கப்பட்டதாகக் கொள்ள இயலாது. பாசன அமைப்புகளை உழவர் மேலாண்மை செய்வதற்கான 2000ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமோ சங்க உறுப்புரிமையைப் பாசனப் பரப்பின் நிலவுடைமையோடு பிணைக்கிறது. அப்பரப்பிற்கு வெளியே கிணறு வைத்து இறைப்பவர் அதில் உறுப்பினரல்லர். நிலமற்ற நீர்பாய்ச்சியும் அல்லர்.