மாக்விட்சின் சிறுபிராயம்

சார்லஸ் டிக்கன்ஸ் 1860-61ஆம் ஆண்டுகளில் வாரந்தோறும் எழுதி வெளியிட்ட ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலைப் பிப் என்னும் அநாதைச் சிறுவனின் கதையாகவே நாம் வாசித்துப் பழகியிருக்கிறோம். ஆயினும் போதக ஊழியத்திற்கு ஆயத்தமாகிறவர்கள் உற்று நோக்க வேண்டியது, கைதியாகிய மாக்விட்ச் தன் வாழ்க்கையை விவரிக்கும் 42ஆம் அதிகாரமாகும். 1824இல் தந்தை கடனுக்காக மார்ஷல்சி சிறையிலிருக்க, 12 வயதில் காலணி மைத் தொழிற்சாலையில் உழைத்த ஆசிரியர் இதனை வெறும் கேள்வியறிவால் எழுதவில்லை.

மாக்விட்சுக்குத் தன்னைப் பற்றிய முதல் நினைவே, பசிக்காக டர்னிப் கிழங்கு திருடியதுதான். உடனிருந்த ஒருவன், குளிர்காய்ந்த நெருப்பையும் எடுத்துக்கொண்டு அவனை விட்டு ஓடிப்போகிறான். பின்னர் சிறை, ‘திருந்தாதவன்’ என்ற பெயர், அப்பெயரால் மீண்டும் சிறை. அங்கு வந்த பக்திமான்கள் வாசிக்கத் தெரியாத அவனுக்குக் கைப்பிரதிகள் கொடுத்தார்கள். சாத்தானைக் குறித்துப் பேசினார்கள். அவன் வயிற்றைக் குறித்து எவரும் கேட்கவில்லை. வளர்ந்தபின், காம்பேசன் என்னும் கனவானோடு ஒரே வழக்கில் நிறுத்தப்படுகிறான். நல்ல வளர்ப்புடையவனுக்கு 7 ஆண்டுகள். வளர்ப்பாரின்றி வளர்ந்தவனுக்கு 14. சிறுபிராயத்தின் காயமே அவனுக்கு எதிரான சாட்சியாயிற்று.

இத்துடன் வட்டம் முடியவில்லை. பசியால் திருடிய அச்சிறுவனே பின்னாளில் தப்பியோடி, கல்லறைத் தோட்டத்தில் பிப்பை அச்சுறுத்தி, உணவும் அரமும் திருடிவரச் செய்கிறான். கிறிஸ்மஸ் விடியலில் ஒரு குழந்தையின் உள்ளத்தில் குற்றவுணர்வு குடியேறுகிறது.

அப்படியாயின் காயம் விதியாகுமா? ஆகாது என்பதற்குக் கொல்லன் ஜோ சான்று. குடிகாரத் தகப்பனின் அடியில் வளர்ந்தும் அவன் தன் வீட்டில் எவர்மேலும் கை ஓங்கவில்லை. ஆனால் அவனை அழைத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பள்ளிக்கு அனுப்ப முயன்ற தாய் ஒருத்தி அவனுக்கு இருந்தாள். மாக்விட்சுக்கு எவருமில்லை. இவ்வேறுபாட்டை டிக்கன்ஸ் விளக்காமலே நம்மைக் காணச் செய்கிறார்.

முடிவைக் குறித்தோ நமக்கு ஒரு தடை உண்டு. மரணதண்டனை விதிக்கப்பட்டுச் சிறையிலேயே உயிர்விடும் மாக்விட்சுக்காகப் பிப், லூக்கா 18இல் ஆயக்காரன் செய்த ஜெபத்தையே செய்கிறான். ஆனால் ‘என்மேல்’ என்னுமிடத்தில் ‘இவன்மேல்’ என்கிறான். பரிந்துரை ஜெபமாக அது அழகியதே. எனினும், கிழங்கு திருடிய சிறுவனைச் சிறைக்கு அனுப்பியோரும், கைப்பிரதி கொடுத்துத் திரும்பியோரும் அந்த ஜெபத்திற்கு வெளியே நின்றுவிடுகின்றனர். மாக்விட்ச் பாவிதான், பிறர் பாவத்திற்கு இலக்கானவனுமாவான். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் பிரசங்கிப்பது சுவிசேஷமாகாது. சிறை ஊழியத்திற்குச் செல்லும் நாம், ஆயக்காரனின் ‘என்மேல்’ என்ற சொல்லை மாற்றாமல் எடுத்துச் செல்லக் கடவோம்.