இறுதிக்காலமும் கடலும்: சல்லியிலிருந்து ஒரு வாசிப்பு

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே, முத்துமாரியம்மன் கோயிலாற் பெயர்பெற்ற கடற்றொழிற் கிராமம் சல்லி. அங்கிருந்து வெளிப்படுத்தின விசேஷத்தை வாசிக்கும் நாம் 21ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் தடைப்படுகிறோம். புதிய பூமி தோன்றும்போது கடல் இல்லாதொழியும் என்கிறது அது. கடலால் வாழ்பவனுக்கு இஃது எவ்வாறு நற்செய்தியாகும்?

2004 ஆழிப்பேரலை போன்ற அழிவுகளை அடையாளங்களாக அடுக்கி முடிவுநாளைக் கணிப்போர் இவ்வினாவை எழுப்புவதில்லை. அந்நாளைக் குமாரனும் அறியார் என்னும் மாற்கு 13:32 அவர்தம் கணிப்புக்கு இடந்தரவுமில்லை.

விடையை நூலுக்குள்ளேயே தேடவேண்டும். 13ஆம் அதிகாரத்தில் மிருகம் எழுவது கடலிலிருந்து. மிருகத்தின் எண்ணாகிய 666 ரோமப் பேரரசன் நீரோவைக் குறிப்பதென்ற விளக்கத்தை ஏங்கல்ஸ் 1883இல் எடுத்துரைத்தார். 18ஆம் அதிகாரத்தில் மாநகரின் வீழ்ச்சிக்கு அழுவோர் அரசரும் வணிகரும் மாலுமிகளுமே. வணிகரின் சரக்குப் பட்டியல் பொன்னில் தொடங்கி, கறுவாவைக் கடந்து, மனிதரின் உடலிலும் உயிரிலும் முடிகிறது. கறுவாவின் பெயரால் அந்நியர் வந்திறங்கிய தீவில், 1957வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாயிருந்த துறைமுகத்தின் அருகே, இப்பட்டியலுக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. ஒழிவது பேரரசின் வணிகக் கடலே என்பது எமது துணிபு.

எனினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. 18:17இல், அழுவோருடன் கடலிலே தொழில் செய்வோர் யாவரும் சேர்க்கப்படுகின்றனர். மூலக் கிரேக்கத் தொடர் வலைஞரையும் உள்ளடக்கக்கூடியது. கப்பலுடையானையும் வள்ளத்திற் செல்வோனையும் நூலாசிரியர் இங்கு வேறுபடுத்தினாரல்லர். பட்டியலின் இறுதியில் நிற்கும் அடிமைகளோ அவ்வதிகாரத்தில் ஒரு சொல்லும் பேசுவதில்லை.